தெற்குப் பார்த்த பால்கனி, டெல்லி குளிர்கால வெயில்: எதை எங்கே வைக்கலாம்?

கேள்வி (மயூர் விகார் வாசகி):
வாடகை வீடு, மூணாவது மாடி. தெற்குப் பார்த்த பால்கனி 10 அடி நீளம், 4 அடி அகலம். 3 அடி உயரத்துக்கு அடைச்ச கைப்பிடிச் சுவர், தலைக்கு மேல அடுத்த மாடி பால்கனி. நவம்பர் வந்தாச்சு. மதியம் வெயில்ல உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்க ஒரு இடம், கொஞ்சம் பூ, கார்த்திகைக்கு அகல் வரிசை, இவ்வளவுதான் ஆசை. சுவர்ல துளை போட அனுமதி இல்லை. தரையில புல் மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கைப்பிடிச் சுவரோரமா தொட்டி அடுக்கலாம்னு திட்டம். சரியா வருமா?

பதில் (செங்கல்சூளை):
தொட்டியைச் சுவரோரமா தரையில வைக்காதீங்க, ஒரு பூ வராது. டெல்லியில ஜூன் உச்சி வெயில் அடிவானத்திலிருந்து 85 டிகிரி உயரத்துல, கிட்டத்தட்ட தலைக்கு நேரே நிற்கும். டிசம்பர் 21 வாக்கில் அதே உச்சி வெயில் 38 டிகிரி உயரம்தான். அந்தச் சாய்வில் 3 அடிச் சுவரோட நிழல் 3 அடி 10 அங்குலம் விழும். நவம்பர் கடைசியிலேயே மூணரை அடி. உங்க தரை முழுக்க நிழல்னு வெச்சுக்கலாம்.

ஆனா வீட்டுப் பக்கத்துச் சுவர் அடியிலிருந்து 6 அடி உயரம் வரைக்கும் நல்லா காயும். கதவு 7 அடி உயரம் இருந்தா, திறந்து வெச்சதும் வெயில் ஹாலுக்குள்ள 8 அடி வரை போகும். அதனால முதுகை வீட்டுச் சுவருக்குக் கொடுத்து உட்காருங்க. டெல்லி ரோட்டோரத்துல விற்கிற நாணல் மூடா (நாணல்ல பின்னின முக்காலி மாதிரி இருக்கை) ரெண்டு போதும், லேசா இருக்கும், உள்ளே எடுத்து வைக்கவும் சுலபம். ஹால்ல வெயில் விழுற சதுரத்துல ஒரு பவானி ஜமுக்காளம் விரிச்சா வீடே மாறிடும். நேர் வெயில்ல சாயம் வெளுக்கும், வாரம் ஒருமுறை திருப்பிப் போடுங்க. திரையை 11 மணிக்கு முழுசா ஒதுக்குங்க (உச்சி வெயில் 12.15 வாக்கில்), பொழுது சாயறதுக்கு முன்னாடியே இழுத்து மூடினா பகல் சூடு கொஞ்சமாவது தங்கும். காற்று மோசமான நாள்ல மட்டும் கதவைத் திறக்காம கண்ணாடி வழியா வர்ற வெயிலோட நிறுத்திக்கோங்க.

பிளாஸ்டிக் புல் வேண்டாம். பனியும் தொட்டித் தண்ணியும் அடியில தேங்கும், நிழல்ல காயாது, பாசி பிடிச்சு வழுக்கும். தென்னை நார் மிதியடி போடுங்க, ராத்திரி சுருட்டிடலாம்.

பதில் (தொட்டிமண்):
மேலே சொன்னது சரி. தொட்டி வைக்க ரெண்டு இடம்தான். ஒண்ணு, கதவுக்கு ரெண்டு பக்கமும் வீட்டுச் சுவரை ஒட்டி. இன்னொண்ணு, கைப்பிடிச் சுவரைக் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தாங்கி. சுவர்க் கனத்தைப் பூச்சோட அளந்துட்டு வாங்குங்க, இல்லேன்னா ஆடும். தொட்டி உட்பக்கமாத்தான் தொங்கணும், கீழே ஆள் நடக்கிற இடம். ஈரமண்ணோட 10 அங்குலத் தொட்டி 10 கிலோ வரும், அதனால அங்கே 6 அங்குலம் போதும். உயரமான செடியும் கூடாது: சுவருக்கு மேல ஒரு அடி வளர்ந்தா நிழல் ஒன்னேகால் அடி கூடும், உங்க மேல விழற வெயில்தான் போகும்.

தாங்கிக்கு பெட்டூனியா, பான்சி நாற்று. நர்சரியில இப்போ கிடைக்கும், மொட்டு குறைவா, அடியில கிளைச்ச நாற்றா எடுங்க. மண் ரெண்டு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு. பெட்டூனியா நாலு விரல் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்க. கடுகுப் புண்ணாக்கை நாலு நாள் ஊறவெச்சு, பத்து மடங்கு தண்ணி கலந்து பதினைஞ்சு நாளுக்கு ஒருமுறை. மேல்மண் ஒரு அங்குலம் காய்ஞ்ச பிறகு, காலையில மட்டும் தண்ணி. சாயங்காலம் ஊத்தினா ராத்திரி குளிர்ல ஈரம் அப்படியே நின்னு வேர் அழுகும். டெல்லியில குளிர்காலத் தொட்டி சாகிறது பெரும்பாலும் இப்படித்தான், தாகத்தால இல்லை.

கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்ந்தா பயந்து எரு போடாதீங்க. குளிர்ல அது உறங்கும், தண்ணியைக் குறைச்சு பிப்ரவரி வரைக்கும் விட்டுடுங்க. துளசியை ராத்திரி உள்ளே கொண்டு போங்க.

மயூர் விகார் வாசகி:
ரொம்ப நன்றி! சாமந்தியும் சீரியல் விளக்கும் சேர்த்து வைக்கலாமா?

பதில் (தொட்டிமண்):
மொட்டு நிறம் காட்டின செடின்னா தாராளமா. அதுக்கு முன்னாடி வேண்டாம். சாமந்திக்கு நீண்ட இருட்டு வேணும், ராத்திரி விளக்கெரிஞ்சா மொட்டு கட்டறது தள்ளிப்போகும்.

பதில் (அகல்):
அகலைச் சுவர் மேல ஏத்தாதீங்க, காத்து அணைக்கும், விழவும் செய்யும். தொட்டிக்கு ஆகாத அந்தச் சுவரோரத் தரைதான் அகலுக்கு நல்ல இடம், காத்து மறைவு. தொங்குற தொட்டிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், இடைவெளியில வைங்க. புது அகலை ராத்திரி முழுக்க ஊறவெச்சு நல்லா காயவைங்க, எண்ணெய் குடிக்கிறது குறையும். அப்பவும் அடியில கசியும், அதனால ஒவ்வொண்ணுக்கும் கீழே ஒரு டைல்ஸ் துண்டு. நல்லெண்ணெய் ஊத்துங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சிடும், திரி இழுக்காது. நெய்யும் அப்படித்தான். ஏத்தறதுக்கு முன்னாடி நார் மிதியடியைச் சுருட்டி, மூடாவை உள்ளே எடுத்து, திரையை ரெண்டு பக்கமும் கட்டிடுங்க.