புதுப்பிப்பு: வெளுத்துப்போன ஹரிகேன் மீண்டது

போன மாதம் நான் போட்ட ஹரிகேன் மாதிரியின் படம் நினைவிருக்கலாம். ஹரிகேன் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரித்தானியப் போர் விமானம். 1/48 அளவு, கொழும்பு குதிரைப்பந்தயத் திடலில் நிற்பது போன்ற காட்சி. மழை நாளில் மட் வார்னிஷ் (மினுக்கமில்லாத மேற்பூச்சு) அடித்து, இறக்கை முழுக்கச் சாம்பல் பூத்தது போல் வெளுத்துவிட்டது என்று எழுதியிருந்தேன்.

சரி, மீட்டுவிட்டேன். நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம், மெல்லியதாகக் கிளாஸ் (gloss, பளபளப்பான) வார்னிஷ் ஒரு பூச்சு. வெண்மை கண்ணெதிரே கரைந்து, பச்சையும் மண்ணிறமும் திரும்பி வந்தன. நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு நாள் காயவிட்டுத்தான் மறுபடி மட் அடித்தேன்.

இன்னொரு திருத்தம். பெயின்ட் உரிந்து உலோகம் தெரிவது போல், பின்னுடல் முழுக்க வெள்ளிக் கீறல் போட்டிருந்தேன். அது தவறு. ஹரிகேனின் பின்பகுதி துணி போர்த்தியது, அங்கே உலோகம் மினுங்க வழியில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு, மெக்கானிக்குகள் ஏறி மிதிக்கும் இடத்தில், அதாவது இறக்கை உடலோடு சேரும் இடத்திலும், என்ஜின் மூடி விளிம்பிலும் மட்டும் பஞ்சுத் துண்டால் வெள்ளி நிறத்தை ஒற்றினேன்.

தரைக்குச் செம்மண்ணை வறுத்துப் பழைய காலுறையில் சலித்தேன். புல்லுக்குத் தும்பு, பச்சைச் சாயம் தோய்த்து 4 மில்லிமீற்றராக வெட்டியது. சக்கரத் தடத்தில் மட்டும் அதைப் படுக்க வைத்தேன்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, பிரித்தானிய விமானப்படையின் 258ஆவது படையணி இந்தத் திடலில் இருந்துதான் ஜப்பானிய விமானங்களை எதிர்க்கப் பறந்தது. சில விமானிகள் திரும்பவில்லை. அதனால் விமானி இருக்கையைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

அப்புறம், எரிபொருள் பீப்பாய்கள் பாக்கி. துரு ஏற்றியதும் படம் போடுகிறேன்.