வீடு விற்கக் கொடுத்த முகவரை இடையில் நிறுத்தியவர்கள் இருக்கிறீர்களா?

ஸ்காபரோ மல்லிகை

2022 இலையுதிர் காலத்தில் இங்கே கனடாவில் எங்கள் வீட்டை ஒரு முகவரிடம் விற்கக் கொடுத்தோம். அந்த வருடம் வட்டி ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். விலை குறைந்ததற்கு முகவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மனதில் நிற்பது படங்கள்தான். தன் கைபேசியில் எடுத்தவர், அம்மாவின் அறையையும் இருந்தபடியே எடுத்துவிட்டார். கட்டிலருகே மருந்துப் போத்தல்கள், கதிரையில் காயப்போட்ட சேலை, சாமிப் படம். முகவர்கள் விற்பனை வீடுகளைப் போடும் எம்எல்எஸ் பட்டியலில் அந்தப் படம் ஒன்பது நாள் கிடந்தது. யாரோ சொந்தக்காரர் அம்மாவுக்கே அதை அனுப்பிவிட்டார். "என்ர அறையை ஊருக்குக் காட்டிப்போட்டியள்" என்றார் அம்மா. வேறு ஒன்றும் பேசவில்லை.

ஒப்பந்தத்தை முடிக்கலாமா என்று முகவரிடம் கேட்டேன். "தங்கச்சி, உங்கட கலியாணத்தில சாப்பிட்டனான், இப்பிடிக் கேக்கலாமோ?" என்றார். எனக்கு வாய் எழவில்லை. ஆறு மாதமும் இருந்தோம்.

மார்க்கம் அண்ணை

தங்கச்சி, அவ்வளவு நாள் இருந்திருக்கத் தேவையில்லை. நீங்கள் கையெழுத்து வைத்தது அந்த மனிதரோடு இல்லை, அவர் வேலை செய்யும் நிறுவனத்தோடு, அதாவது புரோக்கரேஜோடு. அவரிடம் கேட்டால் கலியாணக் கதைதான் வரும். எனக்கு மூன்று வாரமாக ஒருவரும் வீடு பார்க்க வரவில்லை. நேரே அலுவலக மேலாளரோடு கதைத்தேன், அங்கேயே வேறொரு பெண்ணைத் தந்தார்கள், விற்றுவிட்டது.

இனிக் கொடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் 60 அல்லது 90 நாளுக்கு மட்டும் கையெழுத்து வையுங்கள். என்னென்ன செய்யவில்லை என்று திகதி போட்டு மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் கோபப்பட்டுப் பயனில்லை. பட்டியலிலிருந்து வீட்டை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இடைநிறுத்தம் வேறு, ரத்து வேறு. இடைநிறுத்தினால் பழைய முடிவுத் திகதி வரைக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர்தான். இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ரத்துத் தாள் கையில் வரும்வரை வேறு முகவரோடு எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம், இரண்டு கொமிஷன் தலையில் விழக்கூடும். வாசலில் தொங்கும் சாவிப் பெட்டியையும் மறக்காமல் கழற்றச் சொல்லுங்கள்.

மிசிசாகா மதுரைக்காரன்

அண்ணன் சொல்வது பாதிதான் சரி. எழுதிக் கேட்டவுடனே விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எனக்கு விட்டார்கள், ஆனால் ரத்துத் தாளில் 'ஹோல்ட்ஓவர்' 90 நாள் தொடரும் என்று ஒரு வரி இருந்தது. அதாவது, முன்பு வீட்டைப் பார்த்தவர் அந்த நாட்களுக்குள் வாங்கினால் பழைய புரோக்கரேஜுக்குக் கொமிஷன் கொடுக்க வேண்டும். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். முன்பு வந்து பார்த்த ஒரு ஜோடி ஐம்பதாவது நாள் திரும்பி வந்து, முகவர் இல்லாமலே எங்களிடம் வாங்கினார்கள். கொமிஷன் மிச்சம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் வந்தது பழைய புரோக்கரேஜின் கடிதம். வக்கீல் அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். முழுக் கொமிஷன், அதன் மேல் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி. புது புரோக்கரேஜ் வழியாக விற்றிருந்தால், அவர்களுக்குக் கொடுத்த தொகையை இதில் கழித்திருப்பார்களாம். அந்தப் பென்சில் கோடு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

மார்க்கம் அண்ணை

தம்பி, நான் கையெழுத்திட்ட தாள் என்றுதானே எழுதினேன்? படித்துவிட்டுத்தானே கையெழுத்திட வேண்டும்.

ஸ்காபரோ மல்லிகை

அண்ணை, ஒப்பந்தம் யாரோடு என்று எனக்கு அப்போதே தெரியும். அவருடைய மனைவியும் அம்மாவும் வெள்ளிக்கிழமை தோறும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். மேலாளருக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் கேட்க வந்தது வேறு. வீடு விற்ற பிறகும் பழைய படங்கள் சில தளங்களில் இன்னும் தெரிகின்றன, அம்மாவின் அறையும்தான். அதை எடுக்கச் சொல்லி யாராவது எடுப்பித்திருக்கிறீர்களா? யாரிடம் கேட்டீர்கள்?