ஸ்க்ரப் டைஃபஸுக்குத் தமிழில் என்ன? (வியாழன் அச்சுக்குப் போகிறது)

கையேட்டுக்காரி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கிராமச் செவிலியர்களுக்கான காய்ச்சல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டெங்கு, மலேரியா தாண்டியாயிற்று. லெப்டோஸ்பைரோசிஸுக்கு எலிக்காய்ச்சல் இருக்கிறது. ஸ்க்ரப் டைஃபஸில் மாட்டிக்கொண்டேன். நாளிதழ்களைப் பார்த்து 'உண்ணிக்காய்ச்சல்' என்றே போட்டுவிட்டேன். வாசித்துப் பார்த்த செவிலியர் ஒருவர் கேட்டார்: "எங்க ஏரியாவுல மாடே கிடையாதே, இந்தப் பக்கத்த விட்டுறலாமா?" அன்றிலிருந்து தூக்கம் இல்லை. டைஃபஸ் என்றே விட்டால் டைஃபாய்டு தப்பாக அச்சாகிவிட்டது என்கிறார்கள். யோசனை சொல்லுங்கள்.

வேலூரான் எழுதியது:

அம்மா, செவிலியர் கேட்டது சரியான கேள்வி. மாட்டு மடியில் ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிக் கிடக்கிறதே, அது உண்ணி. இந்தக் காய்ச்சலைத் தருவது மைட் என்னும் சிற்றுயிரின் குஞ்சு. ஆறு கால். கண்ணில் படுவதே அபூர்வம். ரத்தம்கூடக் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். வளர்ந்து எட்டுக் காலானபின் மனிதனைச் சீண்டாது. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுகிறது.

டைஃபாய்டோடு குழம்புவதுதான் ஆபத்து. டைஃபாய்டு என்று நினைத்து செஃப்ட்ரியாக்சோன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கிருமி உயிரணுவுக்குள் குடியிருப்பது, அதற்கெல்லாம் மசியாது. சல்லிசான டாக்சிசைக்ளினை நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் எங்கள் வார்டில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புலவர் எழுதியது:

முதலில் டைஃபஸ் என்ற சொல்லைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'டைஃபோஸ்' என்றால் புகை. அறிவில் புகை மூடியதுபோல் நோயாளி பிதற்றுவதால் வந்த பெயர். நம்மிடம் 'சன்னி' இருக்கிறது. ஆனால் அது வடசொல். ஸ்க்ரப் என்பது புதர். சங்கப் பாட்டில் அது 'புதல்'. ஆகவே 'புதற்சுரம்' என்பது என் முன்மொழிவு. சுரம் 'ஜ்வர'த்திலிருந்து வந்தது என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சுள், சுடு, சுரம் எல்லாம் ஒரே வேர்; பாலை நிலத்து வழிக்கும் சுரம் என்றுதான் பெயர்.

கிள்ளான்காரர் எழுதியது:

ஐயா, அதுதான் சிக்கலே. புதற்சுரம் என்றால் தலைவன் பொருள் தேடப் போன காட்டுவழி என்று படிப்பேன். என் மகள் பாட்டு வாத்தியாரிடம் கேட்பாள். புதல் என்றால் புதல்வனுக்கு வந்த காய்ச்சலோ என்று இன்னொருவர் கேட்பார்.

அந்த 'ஸ்க்ரப்' எங்கள் ஊர்ச் சரக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் மலாயாவில் இருவகைக் காய்ச்சலைப் பிரித்தார்கள். பட்டணத்துக் கடைகளில் வேலை செய்தவர்களுக்கு வந்தது 'கடை டைஃபஸ்', எலித்தெள்ளு தருவது. லாலாங் புல்லும் புதரும் மண்டிய இடத்தில் வேலை செய்தவர்களுக்கு வந்தது 'புதர் டைஃபஸ்'. 'புதர்க்காய்ச்சல்' என்றே வையுங்கள், பிறந்த இடத்துப் பெயர்.

புலவர் எழுதியது:

ஜப்பானியர் இதை 'சுட்சுகாமுஷி' என்கிறார்கள். 'முஷி' என்றால் பூச்சி. நம் 'மூசு' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள், வண்டு மூசுதல்! ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ சொன்ன தமிழ்–ஜப்பானிய உறவை இங்கே…

(இதற்குப் பிறகு மூன்று பத்தி இருந்தது. மட்டுறுத்துநர் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.)

உழவன்மகன் எழுதியது:

வேளாண் துறையில் மைட்டுக்கு 'சிலந்திப்பூச்சி' என்போம். செம்பேன் என்றும் உண்டு. தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள். 'சிலந்திக் காய்ச்சல்' என்று எழுதினால் ஊரே ஒட்டடை அடிக்கப் போய்விடும்.

யாழ்வாசி எழுதியது:

வணக்கம். எங்கட பக்கத்திலும் இந்தக் காய்ச்சல் இருக்கிறது. ஆனால் புதர் என்றால் மக்கள் காட்டைத்தான் நினைப்பினம். வீட்டு வளவுக்குள்ளேயே புல்லும் விறகும் கிடக்கும் இடத்தில் கடிபட்டு வருகிறார்களே, அவர்கள் "நான் காட்டுக்குப் போகேல்லை" என்று சொல்லிவிட்டால்? பெயரால் தப்பவிட்ட கதை எலிக்காய்ச்சலுக்கும் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இறந்தபோது பத்திரிகைகள் 'மர்மக் காய்ச்சல்' என்றுதான் எழுதின. பிறகு பார்த்தால் எலிக்காய்ச்சல். எலி கடிக்கவில்லையே என்பார்கள். எலியின் மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் காலை வைத்தது யாருக்கும் நினைவிராது.

கையேட்டுக்காரி எழுதியது:

நேற்று பயிற்சியில் ஒரு செவிலியர், நான் ஒன்றும் சொல்லாமலேயே, "ஓ, அந்தக் கருப்புப் பக்குக் காய்ச்சலா?" என்றார். கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருகி நிற்குமே, அதைச் சொல்கிறார். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு என்று ஒளிந்திருக்கும். வலிக்காது, அதனால் நோயாளி சொல்லவும் மாட்டார். 'பக்குக்காய்ச்சல்' என்றால் கை தானாகச் சட்டையை விலக்கித் தேடும் இல்லையா? எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

புலவர் எழுதியது:

பக்கு கொச்சை. 'கரும்பொருக்கு' எனலாம்.

வேலூரான் எழுதியது:

பெயர் அழகுதான் அம்மா, ஆனால் வேண்டாம். பக்கு எல்லாருக்கும் இருக்காது. ஒரு ஊரில் பாதிப்பேருக்கு மேல் காணலாம், வேறொரு ஊரில் தேடித் தேடி ஒன்றிரண்டு பேரிடம்தான் அகப்படும். பெயரிலேயே பக்கை வைத்துவிட்டால், பக்கு இல்லை, ஆகவே இந்தக் காய்ச்சல் இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். உண்ணியில் மாடு இல்லை என்றதும் பக்கத்தைத் தள்ளியது போலத்தான் இதுவும். கருகிய புண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், படமும் போடுங்கள். பெயரில் வேண்டாம்.

உழவன்மகன் எழுதியது:

அப்படிப் பார்த்தால் எந்தப் பெயரும் தேறாது டாக்டர். மலேரியா என்றால் கெட்ட காற்றாம். யார் இப்போது காற்றைக் குறை சொல்கிறார்கள்? புழங்கப் புழங்கப் பெயருக்குள் இருக்கும் பொருள் செத்துவிடும். உண்ணிக்காய்ச்சலே ஓடட்டும், நாளிதழ் வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கையேட்டுக்காரி எழுதியது:

மலேரியாவுக்கு நூறு வருஷம் இருந்தது அண்ணா. எனக்கு வியாழன் வரைதான் இருக்கிறது.

எண்ணிப் பார்த்தேன். புதர்க்காய்ச்சலுக்கு நால்வர், உண்ணிக்காய்ச்சலுக்கு மூவர், புதற்சுரத்துக்குப் புலவர் ஐயா. தலைப்பில் 'புதர்க்காய்ச்சல்', அடுத்த வரியில் 'செய்தித்தாள்களில் உண்ணிக்காய்ச்சல் என்று வருவதும் இதுவே. மாடோ நாயோ இருக்க வேண்டியதில்லை, வீட்டுத் தோட்டத்திலும் வரும்' என்று போடுகிறேன். கருகிய புண்ணுக்குப் 'பக்கு'. ஐயா மன்னிக்க வேண்டும்.

புலவர் எழுதியது:

மன்னிக்கிறேன், உடன்படவில்லை. எலிக்காய்ச்சல் எலியால் வருவது, சரி. புதர் காய்ச்சல் தருமா? அது 'புதரில் உள்ள பூச்சியால் வரும் காய்ச்சல்' என்று இரண்டு மடிப்பு விரிய வேண்டிய தொகை. இது என் பதிவில் இருக்கட்டும். க் விடாமல் போடுங்கள்.

கையேட்டுக்காரி எழுதியது:

அச்சகத்திலிருந்து திருத்தப்படி வந்தது. 'புதர் காய்ச்சல்' என்று இருந்தது. க் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த பக்கம் மீலியோய்டோசிஸ். மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமி, சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிப்பது, காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். 'மண்காய்ச்சல்' என்று வைக்கலாமா? நாளைக் காலைக்குள்?

புலவர் எழுதியது:

அவசரப்படாதீர்கள். கிரேக்கத்தில் 'மீலிஸ்' என்பது கழுதைக்கு வரும் ஒரு நோய். ஆகவே முதலில் கழுதையிலிருந்து தொடங்குவோம்.