மறுமொழி: கெப் (பிக்கப்) வண்டியின் இன்டேக், டியூனிங், ரீமேப் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாயான இன்டேக்குக்குக் "காற்று உள்வாங்கி" போதும் என்று சென்னை அண்ணா எழுதியிருந்தார். உள்வாங்கி என்றால் தானே இழுக்கிற கருவி என்று படுகிறது. கெப்பில் அந்தக் குழாய் எதையும் இழுப்பதில்லை. இழுப்பது பிஸ்டன், டர்போ இருந்தால் அது அமுக்கித் தள்ளுகிறது. குறுக்கே நிற்காமல் வழி விடுவதுதான் குழாயின் வேலை. அதனால் நான் "காற்றுவழி" என்பேன். மறுபக்கம் "புகைவழி". இரண்டும் சோடியாக நிற்கும். "மூச்சுக்குழாய்" கேட்க அழகுதான். ஆனால் நாம் ஒரே குழாயால் இழுத்து அதே குழாயால் விடுகிறோம், எஞ்சின் அப்படிச் செய்வதில்லை.

எவ்வளவு காற்று என்று பாருங்கள். 3 லீற்றர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றுகிறது என்று வையுங்கள். நான்கடிப்பு எஞ்சின், ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சிலிண்டர் நிரம்பும். முழுக்க நிரம்பினால் டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு 4500 லீற்றர்.

காற்றுவழி தொடங்கும் இடத்துக்குத் தனிப் பெயர் வேண்டும். "காற்றுவாய்" என்று வைப்போம். இது ஏன் அவசியம் என்றால், கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கூம்பு ஃபில்டர் வாங்குகிற பலர் பழைய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அதை பொனட்டுக்குள் சும்மா மாட்டிவிடுகிறார்கள். மிதித்தால் உஸ்ஸென்று நல்ல சத்தம் வரும், வலு கூடிவிட்டது என்று ஆளும் சந்தோசப்படுவார். ஆனால் கம்பனி போட்ட பெட்டியின் வாய் பெரும்பாலும் மட்கார்ட் பக்கம் ஒதுங்கி, வெளிக்காற்றை எடுக்கும்படி இருக்கும். கொழும்பில் வெளிக்காற்று 30 பாகை, நெரிசலில் நிற்கும்போது பொனட்டுக்குள் 60 பாகை என்று வைத்தால், உள்ளே போகும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. காசு கொடுத்துக் காற்றைக் குறைத்த கதை. வடிகட்டி எது என்பதைவிட வாய் எங்கே என்பதுதான் முக்கியம்.

அடுத்தது டியூனிங். அந்தக் காலத்து பெட்ரோல் காரில் தீப்பொறிக்கான பொயின்ற் இடைவெளி பார்த்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்துச் செய்த வேலைக்கு "இசைவாக்கம்" கச்சிதம். ரீமேப், அதாவது எஞ்சின் கணினிக்குள் இருப்பதை மாற்றுவது, வேறு வேலை. இங்கே ஒருவர் "மீள்வரைபடமாக்கல்" என்று முன்மொழிந்தார். மன்னிக்க வேண்டும், அதைக் கராஜில் சொன்னால் நில அளவையாளரைத் தேடுவார்கள். எஞ்சின் கணினிக்குள் இருப்பது பெரும்பாலும் அட்டவணைதான். ஒரு பக்கம் சுற்றுவேகம், இன்னொரு பக்கம் மிதியின் அளவு, நடுக் கட்டத்தில் ஒரு அடிப்புக்கு இத்தனை மில்லிகிராம் டீசல் என்று ஒரு எண். டர்போ அமுக்கத்துக்கு ஒன்று, இன்ஜெக்டர் தெளிக்கும் நேரத்துக்கு ஒன்று. மாற்றுவது இந்த எண்களை. ஆகவே "அட்டவணைத் திருத்தம்".

காற்றுவழியும் அட்டவணையும் ஒன்றையொன்று விட்டு ஓடவும் முடியாது. காற்றின் அளவு பார்க்கும் உணரியில் பல வண்டிகளில் முடியிழை போல ஒரு கம்பி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குழாயின் விட்டத்தை மாற்றினால் கணக்கே பிசகும். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் கூடிவிட்டால் அந்தக் கம்பியில் படிந்து வாசிப்பைக் கெடுக்கும். டீசல் முழுதாக எரிய, திணிவில் அதைப்போல 14.5 மடங்கு காற்றாவது வேண்டும். நடைமுறையில் இன்னும் கூட. காற்றைக் கூட்டாமல் அட்டவணையில் டீசலை மட்டும் ஏற்றினால் கரும்புகை, டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் சூடு. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது தெரியும் சங்கதி.

---

தம்பி, காற்றுவழி சரி, ஏற்றுக்கொள்கிறேன். அட்டவணைத் திருத்தமும் நல்லா இருக்கு. ஆனா "வலு", "திணிவு", "அமுக்கம்" எல்லாம் எங்க தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன், நிறை, அழுத்தம். இங்கே படிக்கிற பையன் குழம்புவான். அப்புறம், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்கு "இடைக்குளிர்விப்பான்" போடலாமா?

---

அண்ணா, இலங்கையில் எங்கள் பிள்ளைகள் வலு என்றுதான் படிக்கிறார்கள். "திறன்" என்றால் அவர்களுக்கு வினைத்திறன் ஞாபகம் வரும். சொற்பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம், யாரும் யாருக்காகவும் மாற்ற வேண்டாம். இன்டர்கூலரை மட்டும் விட்டுவிடுங்கள். இங்கே கராஜ் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) எல்லாரும் இன்டர்கூலர் என்றுதான் சொல்கிறார்கள், யாருக்கும் அதில் குழப்பமில்லை. கூரை உயரத்துக்குத் தூக்கி வைக்கும் காற்றுக்குழாயான ஸ்னோர்க்கலுக்கு "உயர் காற்றுவாய்" பொருந்துமா என்று சொல்லுங்கள்.