மறு: மறு: கிண்டல் செய்கிறவருக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

உளவியல் பாடநூல் ஒன்றின் கலைச்சொல் பட்டியலை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். நகைச்சுவை பற்றிய பாடத்தில் மூன்று பேர் வருகிறார்கள். சிரிப்பு மூட்டுகிற ஜோக்கர், அடுத்தவரைச் சீண்டிச் சிரிக்கிற டீசர், தன்னையே கேலிப்பொருளாக்கிக்கொள்கிற கிளவுன். முதலாமவர் நகைச்சுவையாளர், மூன்றாமவர் கோமாளி என்று போட்டுவிட்டேன். நடுவில் இருப்பவர்தான் படுத்துகிறார். கிண்டல், கேலி, நையாண்டி, பகடி, நக்கல், எகத்தாளம், எள்ளல், கலாய்ப்பு என்று செயலுக்கு மூட்டை மூட்டையாகச் சொல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை. 'டீசர்' என்றே எழுதினால் மாணவர்கள் படத்தின் முன்னோட்டம் என்று நினைப்பார்கள்.

---

கிண்டல்காரர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

---

> கிண்டல்காரர்

'காரர்' வடமொழி வழி வந்தது. பாடநூலில் அது எதற்கு? 'எள்ளுநர்' என்க. "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று நகை பிறக்கும் இடங்களை நான்காக வகுத்த தொல்காப்பியர் எள்ளலைத்தான் முதலில் வைத்தார். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் என்பவரின் உரையையும் பாருங்கள். தான் பிறரை எள்ளி நகுவதும் எள்ளல், பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவதும் எள்ளல். உங்கள் டீசரும் கிளவுனும் ஒரே சொல்லுக்குள் அடக்கம்.

---

ஐயா, இரண்டு பேரும் ஒரே சொல்லுக்குள் அடங்கினால் அம்மையாருக்கு அது சிக்கல் அல்லவா? அவர் பிரிக்கத்தானே சொல் கேட்கிறார். அப்புறம், எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 'எள்ளுநர்' என்று எழுதிக் காட்டினேன். "எள்ளு விக்கிறவரா?" என்றான்.

---

சிலப்பதிகாரத்தை ஒருவரும் தொடவில்லையே! இந்திரவிழவூரெடுத்த காதையில், புகார் நகரில் யார் யார் எங்கெங்கே குடியிருந்தார்கள் என்று சொல்லும் இடத்தில் 'நகைவேழம்பர்' வருகிறார்கள். தொழிலாகவே பிறரைச் சிரிக்க வைத்தவர்கள், அவர்களுக்கும் அங்கே குடியிருப்பு இருந்திருக்கிறது. வேழம் என்றால் மூங்கில். கழையில் ஏறி ஆடிய கூத்தரே வேழம்பர் என்பது என் துணிபு. கழையின் மேல் நிற்பவன் விழுவதுபோல் நடித்தால் கூட்டம் சிரிக்கும், ஆகவே நகை. வேழத்துக்கு யானை என்றும் பொருள் உண்டு. யானை நடையைப் போலச் செய்து காட்டியவர்கள் என்று கொண்டால்...

---

யானை வந்துவிட்டது. ஐயா, தனி இழை தொடங்குங்களேன்.

---

எனக்கு வேறொரு வருத்தம். குறள் 999-இல் 'நகல்வல்லர்' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. பிறரோடு கலந்து மகிழத் தெரிந்தவர். அது தெரியாதவர்க்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டு என்கிறார் வள்ளுவர். இன்று எழுதினால் ஜெராக்ஸ் கடைக்காரர் என்று படிப்பார்கள். அரபிலிருந்து வந்த நகல் நம்முடைய நகலை விழுங்கிவிட்டது.

---

நீங்கள் முடிந்துவிட்டதாக நினைக்கும் 'கோமாளி'யிலும் ஓட்டை இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கோமாளிதான். ஆனால் அவன் தன்னை மட்டுமா தாழ்த்திக்கொள்கிறான்? ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறிவிட்டு, அந்த ராஜாவையே வாரிவிடுவான். ராஜா வேடக்காரர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்கள் கணக்குப்படி அவனும் டீசர்.

---

விகடகவி? தமிழில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. அந்த அழகுக்காகவாவது சேர்க்கலாம்.

---

முதலில் எழுதியவள்தான். அனைவருக்கும் நன்றி, விகடகவிக்கும்.

நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டது தப்பு. பாடம் 2003-இல் உளவியலாளர் ராட் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் செய்த பகுப்பை ஒட்டியது. நகைச்சுவைப் பாங்கு நான்கு என்றார்கள்: உறவை வளர்ப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, தன்னையே தாழ்த்துவது. ஒரே கிண்டல் முதல் வகையிலும் விழலாம், மூன்றாவதிலும் விழலாம். நண்பனின் புதுச் சட்டையைப் பார்த்து "யாருடா தச்சது, திரைச்சீலை மிச்சமா?" என்றால் அவனும் சேர்ந்து சிரிப்பான். சட்டை வாங்க வழியில்லாத பையனிடம் அதையே கேட்டால் கதை வேறு. "நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி", விளையாட்டுக்குக்கூட இகழ்ச்சி துன்பம்தான் என்று வள்ளுவர் சொன்ன இடம் அது. ஆகவே எனக்கு வேண்டியது இரண்டுக்கும் பொதுவான சொல். 'எள்ளுநர்' என்றால் இகழ்ச்சி முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'சீண்டுபவர்' அடிதடி மாதிரி ஒலிக்கிறது. கிண்டல் என்பதில் கிண்டு இருக்கிறது. பாத்திரத்தில் கிண்டுவதுபோல ஆளைக் கிளறிவிடுவது. நல்லதா கெட்டதா என்பது கிளறியபின்தான் தெரியும்.

---

அம்மா, சொற்பிறப்பு உண்மையோ இல்லையோ, எனக்குப் பிடித்திருக்கிறது. கிண்டல்காரருக்கு என் வாக்கு.

---

எனக்கும். தூக்கம் வருகிறது.

---

'காரர்' வேண்டாம், 'கிண்டலர்' என்றாவது போடுங்கள். வேளாண்மை, வேளாளர் என்றெல்லாம்...

---

கிண்டலர், இண்டலர், கிண்டர்கார்டன். வேண்டாம் ஐயா.

---

பட்டியலை அனுப்பிவிட்டேன். கிண்டல்காரர் என்றே போட்டிருக்கிறேன். கோமாளிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும், கட்டியங்காரனைப் பற்றி ஒரு வரியும் சேர்த்தேன். பதிப்பாசிரியர் கேள்விக்குறியை எடுத்துவிடுவார்.

---

எள்ளுநர் என்பதே சரி. என் மறுப்பைப் பதிவு செய்க.

---

அனுப்பியாகிவிட்டது என்று தெரியும். இருந்தாலும் வேழம்பர் யானையா மூங்கிலா என்று நேற்று இரவு அகராதிகளைப் புரட்டியதில் ஒரு செய்தி கிடைத்தது. தனி இழையில் எழுதுகிறேன்.