டச்சு நோய்க்கு ஒரு தமிழ்ப் பேர் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

வெள்ளவத்தை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பொருளியல் கிளாசுக்கு டியூட் (பாடக் குறிப்பு) அடிக்கக் குடுக்கோணும், வெள்ளிதான் கடைசி. வளத்தை ஏற்றுமதி செய்து வாழுற நாடுகள் எண்ட பகுதியில ஒரு சொல்லில நிண்டுபோய் இருக்கிறன். டச்சு நோய். போன வருசம் 'ஒல்லாந்த நோய்' எண்டு போட்டன், வரலாற்றில பிள்ளையள் படிக்கிறது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எண்டுதானே. ஒரு பிள்ளை பேப்பரில எழுதியிருக்கு, ஒல்லாந்தர் கறுவா வியாபாரத்தை முழுக்கத் தங்கட கையில வைச்சிருந்ததால இலங்கைக்கு வந்த நோய் எண்டு. இன்னொரு பிள்ளை கோட்டையில இருக்கிற டச்சு ஆஸ்பத்திரியோட சேர்த்து விளங்கிக்கொண்டுது. பிள்ளையளில பிழை இல்லை, நான் குடுத்த சொல் அப்பிடி.

விசயம் இதுதான். 1959இல ஒல்லாந்தில குரோனிங்கன் பக்கம் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிச்சவை. வாயு வித்த காசு வர வர அவையின்ர நாணயம் கில்டரின்ர பெறுமதி ஏறிச்சு, அதால அவையின்ர ஆலைச் சாமானெல்லாம் வெளியில வாங்கிறவனுக்கு விலை கூடிப்போச்சு, ஆலையள் படுத்துது. 1977இல எக்கொனமிஸ்ட் சஞ்சிகை இந்தப் பேரை வைச்சது. ஒரு வரவு பெருக, கையில இருந்த மற்றத் தொழில் வாடுது. இது சொல்லைக் கேட்ட உடனேயே தெரியோணும்.

தெஹிவளையிலிருந்து:

டீச்சர், டச்சு நோய் எண்டே விடுங்கோ. நான் இருவது வருசமா மொழிபெயர்ப்புத்தான் செய்யிறன், பிள்ளை நாளைக்கு கம்பஸ் போய்த் தேடினா அந்தப் பேரிலதான் ஏதும் அம்பிடும். 'வளச் சாபம்' எண்டு ஆரும் சொல்ல வந்தா இப்பவே சொல்லிப்போடுறன், அது வேற. சாபம் எண்டது ஊழல், சண்டை, ஆட்சி எல்லாம் சேர்ந்த பெரிய குடை, இது நாணய மாற்று வீதத்தால நடக்கிற காரியம். ரெண்டையும் கலக்கக் கூடாது.

பம்பலப்பிட்டி ஐயா:

பிள்ளை, சொல் எங்கட வீட்டிலயே கிடக்கு. 'உறுபொருளும் உல்கு பொருளும்' எண்டு குறள் அரசன்ர வருமானத்தை வகுக்குது. உறுபொருள் எண்டா உடையவர் இல்லாமத் தானே வந்துற்ற பொருள், பரிமேலழகர் உரை அது. நிலத்துக்குக் கீழ கிடந்த வாயுவும் எண்ணெயும் வேறென்ன? ஆகவே 'உறுபொருள் வாட்டம்'. நோய் வேண்டாம், வாட்டம் போதும், பயிர் வாடுற மாதிரி.

உல்கு, அதாவது சுங்க வரி, அதைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். பட்டினப்பாலையில துறைமுகத்தில உல்கு வாங்கிற காட்சி வருது. பிறகு முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் எண்டினம். சுங்கம் வடமொழிச் சுல்கத்தில இருந்து வந்தது, அதை ஒத்துக்கொள்ளுறன். உல்குவும் அதிலதான் பிறந்தது எண்டு சொல்லுறதை நான் ஒருக்காலும் ஒத்துக்கொள்ளன். எங்கட சுங்கத் திணைக்களத்தின்ர பலகையில உல்கு எண்டு எழுதினா என்ன குறைஞ்சுபோகும்?

வெள்ளவத்தை டீச்சர்:

ஐயா, உல்குவைப் பிறகு பாப்பம். வாட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு, உறுபொருள்தான் பிள்ளையளுக்குக் கஷ்டம்.

தெஹிவளையிலிருந்து:

வாட்டம் நல்ல சொல்தான், எனக்கும் சம்மதம். நோய் எண்டா வந்தது வந்ததுதான் எண்டு போயிடும். நைஜீரியாவில கானோ நகரத்தில நிலக்கடலை மூட்டையளைக் கோபுரமா அடுக்கி வைச்சு ஏற்றுமதி செய்தவை, 1970களில எண்ணெய்க் காசு கொட்டத் தொடங்கினாப் பிறகு அந்தக் கோபுரங்கள் இல்லாமப் போச்சு. வரட்சியும் பயிர் நோயும் ஒரு காரணம்தான், ஆனா கமத்தை விட டவுன் வேலைதான் லாபம் எண்டு வந்தாப் பிறகு ஆர் திரும்பிக் கமத்துக்குப் போவான். நோர்வே வேற மாதிரிச் செய்தது, 1990இல சட்டம் போட்டு நிதியம் ஒண்டை உண்டாக்கி, 1996இல முதல் காசைப் போட்டு, அதை வெளிநாட்டிலயே முதலிட்டுது, எண்ணெய்க் காசு உள்ளுக்குக் கொட்டித் தங்கட நாணயம் குரோனரை ஏத்தக் கூடாது எண்டு. சந்தை தன்ர பாட்டுக்கு இழுக்கும், அரசு மறிச்சுப் பிடிக்கேலும். ஆனபடியா வாட்டம் சரி, தண்ணி விட்டா நிமிரும். ஆனா உறுபொருளுக்கு உரை பார்க்கோணும் எண்டா அது பதினெட்டு வயசுப் பிள்ளைக்குரிய கலைச்சொல் இல்லை ஐயா.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எல்லாத்தையும் வாசிச்சேன். நான் ஹட்டன் பக்கம், இப்ப கொழும்புல வேல. ஐயா, கோவிக்காதீங்க. இந்த வாட்டம் எண்ணெய்க்கு மட்டும் வாறதில்ல, வெளிநாட்டு உதவிக் காசு, வெளிநாட்டுல வேல செய்றவங்க அனுப்புற காசு குவிஞ்சாலும் வரும்னுதான் பொருளியல்ல சொல்றாங்க. நம்ம நாட்டுக்குத் தேயிலயால வாற டொலர விட அப்படி அனுப்புற டொலர் பல மடங்கு. அப்ப அதுவும் 'தானே வந்துற்ற பொருளா'? எங்க அம்மா முப்பது வருசம் மலையில கொழுந்து எடுத்தாங்க, அட்ட கடி, மழ, சொன்ன கிலோ எடுக்காட்டி அரப்பேர், அதாவது அர நாள் சம்பளம். அக்கா ஒம்பது வருசம் குவைத்துல வீட்டு வேல, தாத்தா செத்ததுக்குக்கூட வர முடியல. அந்தக் காசு தானா வரல. புஸ்தகத்துல அப்படி ஒரு சொல்லப் போட்டா எங்க லயத்துப் புள்ளைங்க அதப் படிச்சு மனப்பாடம் பண்ணும். 'ஒற்றை வரவு வாட்டம்'னு போடுங்க டீச்சர், யாரும் உரை பாக்கத் தேவையில்ல.

பம்பலப்பிட்டி ஐயா:

தம்பி, கோவம் ஒண்டும் இல்லை, நீர் சொன்னதை ரெண்டு தரம் வாசிச்சன். ஆனா உறுபொருள் எண்டு குறள் சொல்லுறது உழைச்ச ஆளுக்கு இல்லை, அரசுக்கு. அரசு வியர்வை சிந்தாமல் வாங்குது, அதுதான் அங்க தானே வந்தது. 1970இல மஹ்தவி எண்ட பொருளியலாளர் ஈரானைப் பற்றி எழுதேக்க இதைத்தான் சொன்னவர், வெளியில இருந்து வாற எண்ணெய்க் காசில வாழுற அரசுக்குச் சனத்திட்ட வரி கேக்கத் தேவையில்லை எண்டு. வரி கேக்காத அரசிட்டச் சனம் கணக்குக் கேக்கேலாது. அதுக்கு 'உறுபொருள் அரசு' எண்டாவது வையுங்கோ.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அரசுக்கு வைங்க ஐயா, அது சரியான சொல்லு, நானும் அதத்தான் எழுதுவேன். வாட்டத்துக்கு வேணாம்.

வெள்ளவத்தை டீச்சர்:

நேரம் போச்சு. தனிப்பட எழுதின ஆக்களையும் சேர்த்தா அஞ்சு பேர் உறுபொருள் வாட்டம், மூண்டு பேர் ஒற்றை வரவு வாட்டம், தெஹிவளை அண்ணை இன்னும் டச்சு நோயிலதான் நிக்கிறார். உறுபொருள் அரசு எல்லாருக்கும் சம்மதம், அது அப்பிடியே டியூட்டில போகுது. மற்றதுக்குத் தலைப்பில உறுபொருள் வாட்டம், பக்கத்தில டச்சு நோய் எண்டும் அழைப்பர் எண்டு போடுறன். தம்பி சொன்னதுக்கு என்னட்டப் பதில் இல்லை, அதால கீழ ஒரு வரி சேர்த்திருக்கிறன், வெளிநாட்டில உழைக்கிறவை அனுப்புற காசு இதில உறுபொருள் ஆகாது எண்டு.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நன்றி டீச்சர். என் ஓட்டு அப்படியே மூணுலயே இருக்கட்டும். அடுத்த வருசம் டியூட் அடிக்கிறப்போ திரும்பக் கேப்பேன்.