புதுசா லைசென்ஸ் வாங்கின பையனை தனியா கார் எடுத்துட்டுப் போக விடலாமா?

கேள்வி:
பையனுக்கு 18 முடிஞ்சு லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சு, வந்த அன்னைலேருந்து சாவி கேட்டுட்டே இருக்கான். கிளட்ச், ரிவர்ஸ், பார்க்கிங் எல்லாம் நல்லாவே பண்றான், ஓட்டத் தெரியலன்னு சொல்ல முடியாது. ஆனா ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரை ஏத்திக்கிட்டு ராத்திரி போறேன்னு சொல்றப்போ வயித்தைக் கலக்குது. வேண்டாம்னே சொல்லிட்டிருந்தா எப்பதான் பழகுவான்? எதுக்கு சரி சொல்றது, எதுக்கு முடியாதுன்னு சொல்றது?

பதில் 1:
உங்க பயம் சரிதான் மேடம். தனியா ஓட்ட ஆரம்பிக்கிற முதல் சில மாசம்தான் ரொம்ப ஆபத்தானது. அதுலயும் நீங்க சொன்ன ரெண்டும், அதாவது ராத்திரியும் ஃப்ரெண்ட்ஸும், சேர்ந்து வந்தா இன்னும் மோசம். அதே வயசுப் பசங்க ஏற ஏற ரிஸ்க் கூடும், பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல உக்காந்தா குறையும். நியூசிலாந்துல 1987லயே இதுக்கு படிப்படியான லைசென்ஸ் முறை கொண்டு வந்துட்டாங்க, ரெண்டாவது கட்டத்துல ராத்திரி 10லேருந்து காலை 5 வரைக்கும் தனியா ஓட்டக் கூடாது. அதையே வீட்டு ரூலா வச்சுக்கோங்க. முதல்ல பகல்ல தெரிஞ்ச ரூட்ல தனியா போகட்டும், அப்புறம் மழையிலயும் ராத்திரியும் நீங்க பக்கத்துல இருந்து ஓட்ட வைங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கடைசி.

பதில் 2:
போன் பத்தி யாரும் சொல்லலையே! 60 கிலோமீட்டர் வேகத்துல வண்டி செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும், மெசேஜ் பாக்க 5 செகண்ட் குனிஞ்சான்னா 80 மீட்டருக்கு மேல ரோட்டைப் பாக்காமலே ஓட்டிருக்கான்னு அர்த்தம். "பாக்காதே"ன்னு சொன்னா போதாது, கிளம்பறதுக்கு முன்னாடியே மேப்பை போட்டுட்டு சைலண்ட் பண்ணி பின் சீட்ல வச்சிடணும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா பிரேக் புடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு ஆகும், இந்தக் கணக்கை அவனையே போட்டுப் பாக்கச் சொல்லுங்க, நாம திட்டுறதை விட அது மண்டையில ஏறும். பெல்ட் பின்னாடி உக்கார்றவங்களுக்கும்தான், மோதினா பெல்ட் போடாதவன் முன் சீட்ல இருக்கறவன் மேல வந்து விழுவான்.

பதில் 3:
கண்ணுக்குப் பயிற்சி குடுங்க, அதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. புதுசா ஓட்டுறவங்க பானெட்டுக்கு முன்னாடியே பாத்துட்டு இருப்பாங்க, பழகினவங்க கண்ணு தூரத்துல இருக்கும், கண்ணாடிக்கும் போயிட்டு வரும். நீங்க பக்கத்துல இருக்கறப்போ பாக்கறதை எல்லாம் வாய்விட்டு சொல்லிட்டே ஓட்டச் சொல்லுங்க, "நிக்கிற வண்டியோட கதவு தொறக்கலாம், அந்தப் பந்து பின்னாடி குழந்தை வரலாம், முன்னாடி மூணாவது வண்டி பிரேக் லைட் எரியுது"ன்னு. அவன் எதைச் சொல்லாம விடறானோ அதுதான் அவன் கண்ணுல படல, உங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். அப்புறம் முன்னாடி போற வண்டிக்கு 2 செகண்ட் இடைவெளி, மழைன்னா 4.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, வாய்விட்டு சொல்றது நாளைக்கே ஆரம்பிக்கிறோம். ஃப்ரெண்ட்ஸ் "இன்னும் வேகமாப் போடா"ன்னு ஏத்திவிட்டா என்ன பண்ணுவான்?

பதில் 4:
எனக்கு 19 வயசு ஆன்ட்டி, எங்க வீட்ல பண்ணதை சொல்றேன். யாராவது ஏத்திவிட்டா "வீட்ல சாவியைப் புடுங்கிடுவாங்க"ன்னு பழியை எங்க மேல போட்டுடுன்னு அம்மா சொல்லிட்டாங்க, அது நெஜமாவே வேலை செய்யுது. இன்னொண்ணு, தூக்கம் வந்தாலோ, ஓட்டுற ஃப்ரெண்ட் குடிச்சிருந்தாலோ எந்த நேரத்துலயும் கூப்பிடலாம், வந்து கூட்டிட்டுப் போவாங்க, அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, பேசறதெல்லாம் மறுநாள்தான். திட்டு விழும்னு தெரிஞ்சா எவனும் போன் பண்ண மாட்டான், அதனால இதை மட்டும் சாவி குடுக்கறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட சொல்லிடுங்க.